வெந்நீர்ப் பலகையின் தலைமடையும் கடைமடையும்

(உக்கடத்தில் நடைபெற்ற உழவர் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்த உக்கடத்தில் பெரியகுளம் இருக்கின்றது. நொய்யலில் அணைக்கட்டு; அணைக்கட்டிலிருந்து வாய்க்கால்; வாய்க்காலிலிருந்து குளம்; இக்குளம் நிறைந்தால் மிகுதி நீர் வாலாங்குளத்திற்கு. இப்படி நீரைப் பங்கிட்டு வாழ்ந்த ஊர் இது. பங்கீட்டில் எங்கே தவறு வரும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமடைக்காரருக்குப் பயிர் அழுகும். கடைமடைக்காரருக்குப் பயிர் காயும்.

இன்று நான் பேச வந்ததும் நீர்ப் பங்கீடு பற்றித்தான். ஆனால் வயலில் அல்ல. மாட்டுக் கொட்டகைக் கூரையின் மேல், கண்ணாடி மூடிய ஒரு பெட்டிக்குள் நடக்கும் பங்கீடு. சூரிய வெப்பத்தால் வெந்நீர் தரும் பலகையின் உள்ளே தலைக்குழாயை எப்படி அமைப்பது என்பதே என் பொருள். நான் பயிர் நூல் படித்தவன், பொறியாளன் அல்லன். ஆயினும் இந்தப் பலகையைச் செய்து ஒருமுறை தோற்று, பிறகு திருத்தி வெற்றி கண்டவன் என்ற முறையில் பேசுகின்றேன்.

எதற்கு வெந்நீர்?

மூன்று, நான்கு கறவை மாடுகள் வைத்திருப்பவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 லிட்டர் வெந்நீர் வேண்டியிருக்கும். பால் கேன் கழுவ, மடி கழுவ, கன்றுக்குத் தீவனம் கரைக்க, வீட்டார் குளிக்க என்று செலவு உண்டு. 25 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர மின்சாரத்தில் சுமார் 4 யூனிட் ஆகும். திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுவதால், அதே வேலைக்கு 6 முதல் 9 கிலோ காய்ந்த விறகு எரிக்க வேண்டும். தென்னை மட்டையும் விறகும் சும்மா கிடைக்கின்றன என்று நினைக்கலாம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து புகையில் உட்கார்ந்து எரிப்பவர் யார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சூரிய சக்தி என்றதும் பலருக்கு மின்சாரம் தரும் தகடு நினைவுக்கு வருகின்றது. பெரியகுளத்தில் மிதக்கவிட்டிருப்பதும், கிணற்று மோட்டாரை ஓட்டுவதும் அந்த வகைதான். நான் சொல்வது வேறு. இதில் மின்சாரம் கிடையாது. வெயில் தகட்டைச் சுட வைக்கின்றது. தகடு குழாயைச் சுட வைக்கின்றது. குழாய் நீரைச் சுட வைக்கின்றது. அவ்வளவுதான்.

பலகை வேலை செய்யும் விதம்

ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் வெப்பம் கடத்தாத பஞ்சு. மேலே கண்ணாடி. நடுவில் கறுப்பு வர்ணம் பூசிய உலோகத் தகடு. தகட்டோடு ஒட்டிச் சமதூரத்தில் மேல் நோக்கிச் செல்லும் எட்டு அல்லது ஒன்பது சிறு குழாய்கள். இவற்றைக் கிளைக்குழாய்கள் என்போம். கடைக்காரர்கள் ரைசர் என்பார்கள். இவற்றின் கீழ்முனைகளை எல்லாம் இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்று. மேல்முனைகளை இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்று. இவ்விரண்டும் தலைக்குழாய்கள், கடையில் ஹெட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

தொட்டியின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் கீழ்த் தலைக்குழாய்க்கு இறங்குகின்றது. அங்கிருந்து கிளைகளுக்குப் பிரிகின்றது. சூடேறியதும் எடை குறைந்து மேலே எழும்பி, மேல் தலைக்குழாயில் ஒன்றுகூடித் தொட்டியின் மேற்பகுதிக்குப் போகின்றது. வெயில் உள்ளவரை இந்தச் சுற்று தானாகவே நடக்கும். மோட்டார் தேவையில்லை. பலகையையும் தொட்டியையும் தனித்தனியே பிரித்து அமைக்கும் இம்முறையை அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த வில்லியம் பெய்லி என்பவர் 1909 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடிப்படை இன்றும் அதுவே.

இந்தச் சுற்றை ஓட்டும் விசை எவ்வளவு தெரியுமா? சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் உள்ள எடை வித்தியாசம் மட்டுமே. நீர்மட்டக் கணக்கில் சொன்னால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் உயரம். உங்கள் சொட்டுநீர்க் குழாயில் ஒரு கிலோ அழுத்தம் என்றால் பத்து மீட்டர் நீர் உயரம். பத்து மீட்டர் எங்கே, மூன்று மில்லிமீட்டர் எங்கே! இவ்வளவு மெலிந்த விசையால் ஓடும் நீருக்கு, குழாயில் இருக்கும் சிறு தடையும் பெரும் தடையாகும்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் பேரூருக்கு மேற்கே இருக்கும் எங்கள் பெரியப்பா தோட்டத்தில் இப்படி ஒரு பலகை செய்ய முன்வந்தேன். பெரியம்மாவுக்குப் புகையினால் கண் எரிச்சலும் இருமலும் இருந்தன. இரண்டு ஆடுகளை விற்று அந்தப் பணத்தை என்னிடம் கொடுத்தார்கள். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, நல்ல நிலையிலிருந்த அரை அங்குல ஜி.ஐ. குழாய்களை வாங்கினேன். கிளைக்கும் அரை அங்குலம், தலைக்கும் அரை அங்குலம். ஒரே அளவாக இருந்தால் மலிவு, வேலை சுலபம் என்று எண்ணினேன். தொட்டி இடப்பக்கம் இருந்ததால் நீர் நுழையும் வழியையும் வெளியேறும் வழியையும் இடப்பக்கத்திலேயே வைத்தேன்.

பலகை ஓடியது. ஆனால் மாலை நான்கு மணிக்கும் தொட்டி நீர் 40 டிகிரியைத் தாண்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தோம். பெரியம்மா தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இந்த வலப்பக்கம் நல்லாக் காயுது, இடப்பக்கந்தான் வேலை செய்ய மாட்டேங்குது" என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். இடப்பக்கத்துக்கு மறுபடி கறுப்பு வர்ணம் பூசினேன். அடியில் பஞ்சு கூடுதலாக வைத்தேன். ஒரு மாதம் இப்படிப் போயிற்று. பலன் இல்லை.

இதற்கிடையில் அடுப்பு மூட்டுவதையும் விட்டிருந்தார்கள். வெதுவெதுப்பான நீரில்தான் கேன் கழுவப்பட்டது. ஒருநாள் காலைப் பால் புளித்துவிட்டது என்று திரும்பி வந்தது. குறை சொசைட்டி மேல் இல்லை, கேன் மேல்தான். அன்று பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் அடுப்பை மூட்டினார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை.

உண்மையைக் கண்டு சொன்னவர் பெரியப்பா. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். "தண்ணி பாயற எடம் குளுந்து கெடக்கும். பாயாத எடந்தான் காஞ்சு சுடும். உன்ற பலகைக்கு மட்டும் வேற நாயமா கண்ணு?" என்று கேட்டார்.

அதுதான் உண்மை! தகடு சுடுகின்றது என்றால் வெப்பம் நீரில் ஏறாமல் தகட்டிலேயே தங்கி நிற்கின்றது என்று பொருள். சுடும் பக்கம் வேலை செய்யும் பக்கம் அல்ல. நீர் ஓடாத பக்கம். அப்படிச் சுட்ட தகடு தன் வெப்பத்தைக் கண்ணாடி வழியே மீண்டும் வெளிக்காற்றுக்கே கொடுத்துவிடும். நான் ஒரு மாதமாக நோய் இல்லாத பக்கத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் கடைசிக் கிளைக்கு நீர் எட்டவில்லை?

சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மெயின் குழாய், அதிலிருந்து சப்மெயின், அதிலிருந்து லேட்டரல், அதில் சொட்டுவான். முதல் செடிக்கும் கடைசிச் செடிக்கும் விழும் நீரில் 10 சதவீதத்திற்கு மேல் வித்தியாசம் வராதபடி குழாய் அளவைத் தேர்வு செய்கின்றோம். அது எப்படி முடிகின்றது? தடையின் பெரும்பகுதி சொட்டுவானில் இருக்கின்றது. சப்மெயினில் தடை மிகக் குறைவு. ஆகவே தலையில் இருக்கும் சொட்டுவானுக்கும் கடையில் இருக்கும் சொட்டுவானுக்கும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் கிடைக்கின்றது.

பலகைக்கும் விதி இதுவே. தடை கிளையில் இருக்கலாம். தலைக்குழாயில் இருக்கக் கூடாது. நல்ல வெயிலில் இரண்டு சதுர மீட்டர் பலகை வழியாக மணிக்கு 80 முதல் 90 லிட்டர் நீர் சுற்றி வரும். கிளை ஒவ்வொன்றிலும் ஓடுவது இதில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் தலைக்குழாயின் நுழைவாயிலில் முழு நீரும் ஓட வேண்டும். கிளையும் தலையும் ஒரே அளவாக இருந்தால், தலைக்குழாயில் நீரின் வேகம் கிளையில் இருப்பதைப் போல் எட்டு மடங்கு. அரை அங்குலத் தலைக்குழாயின் ஒரு மீட்டர் நீளத்தில் ஏற்படும் தடை, இரண்டு மீட்டர் நீளமுள்ள கிளையின் தடையைக் காட்டிலும் அதிகமாகிவிடுகின்றது. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் உள்ள கிளைகள் நீரை வாங்கிக்கொள்ள, தொலைவில் உள்ளவை வெறுமனே காய்கின்றன.

மெதுவாக ஓடும் நீரில் குழாயின் உள்விட்டம் இரு மடங்கானால் தடை பதினாறில் ஒரு பங்காகக் குறையும். தலைக்குழாயின் அளவை ஒரு படி உயர்த்துவது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு இது போதிய சான்று.

தலைக்குழாய் அளவைத் தேர்வு செய்தல்

இந்தியத் தர நிர்ணயத்தின்படி செய்யப்படும் செம்புப் பலகையைப் பாருங்கள். கிளைக்குழாய் 12.7 மி.மீ. வெளிவிட்டம், அதாவது அரை அங்குலம். தலைக்குழாய் 25.4 மி.மீ., அதாவது ஓர் அங்குலம். ஒன்பது கிளைகள். இதில் கிளைகளின் உள்வாய்ப் பரப்பை எல்லாம் கூட்டினால் சுமார் 950 சதுர மி.மீ.; தலைக்குழாயின் உள்வாய்ப் பரப்பு சுமார் 450. ஏறக்குறைய பாதி.

இதையே கைக்கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குழாயின் உள்வாய்ப் பரப்பு, கிளைகள் அனைத்தின் கூட்டுப் பரப்பில் பாதிக்குக் குறையக் கூடாது.

ஜி.ஐ. குழாயில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயரில் உள்ள அங்குலமும் உள்ளே இருக்கும் அளவும் ஒன்றல்ல. அரை அங்குல ஜி.ஐ. குழாயின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ. ஓர் அங்குலக் குழாயில் சுமார் 27 மி.மீ. ஒன்றேகால் அங்குலக் குழாயில் சுமார் 36 மி.மீ. பழைய குழாய் வாங்கும்போது துருவும் உப்பும் படிந்து உள்ளளவு குறைந்திருக்கலாம். ஆகவே அளவுகோலை உள்ளே வைத்து அளந்து வாங்குங்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அரை அங்குலக் கிளை ஒன்றின் பரப்பு 200 சதுர மி.மீ. எட்டுக் கிளைக்கு 1600. அதில் பாதி 800. ஓர் அங்குலக் குழாயின் பரப்பு 570தான், போதாது. ஒன்றேகால் அங்குலக் குழாய் 1000க்கு மேல், போதும். ஆறே கிளைகள் என்றால் கூட்டுப் பரப்பு 1200, பாதி 600. அதற்கு ஓர் அங்குலக் குழாய் ஏறக்குறையப் பொருந்தும்.

அப்படியானால் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று போட்டுவிடலாமே என்று கேட்கலாம். தேவையில்லை. குழாய் பெருத்தால் செலவும் எடையும் கூடும். அதில் தேங்கும் நீரும் கூடுதலாவதால் காலையில் சூடேறத் தாமதமாகும். கிளைகளின் கூட்டுப் பரப்புக்குச் சமமான அளவைத் தாண்டிப் போவதில் பயனில்லை.

நீர் நுழையும் மூலையும் வெளியேறும் மூலையும்

நீர் இடது கீழ்மூலையில் நுழைந்தால் வலது மேல்மூலையில் வெளியேற வேண்டும். மூலைக்கு மூலை எதிராக இருக்க வேண்டும். அப்போதுதான் எந்தக் கிளை வழியாகப் போனாலும் நீர் கடக்கும் மொத்தத் தூரம் ஒன்றாக இருக்கும். நான் செய்ததுபோல் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் பக்கத்துக் கிளைக்குக் குறுக்கு வழி, தொலைவுக் கிளைக்கு நெடுவழி.

ஆனால் எதிர்மூலை இணைப்பு, மெலிந்த தலைக்குழாயின் குறையை முழுவதும் தீர்த்துவிடாது. ஆஸ்திரேலியாவில் டங்கிள், டேவி என்ற இரு ஆய்வாளர்கள் பல பலகைகளை ஒரே வரிசையில் கோத்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. இரு ஓரங்களிலும் உள்ள பலகைகள் குளிர்ந்தும் நடுவில் உள்ளவை மிகச் சூடாகவும் இருந்தன. ஓரத்துக்கு நீர் கிடைத்தது, நடுவுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே முதலில் தலைக்குழாயின் அளவு, பிறகு மூலை இணைப்பு என்ற வரிசையை மறக்க வேண்டாம்.

பெரிய பண்ணைக்கு நான்கு பலகைகளுக்கு மேல் வேண்டியிருந்தால் ஒரே வரிசையாகக் கோக்காமல் இரண்டு வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக்குழாய் கொடுப்பது நல்லது. நீளமான வாய்க்காலைப் பிரித்து இரண்டு மடை வைப்பது போன்றதுதான் இது.

வெல்டிங் பட்டறையில் கவனிக்க வேண்டியவை

எங்கள் பலகையைப் பட்டறையில் அறுத்துப் பார்த்தபோது மற்றொரு குறையும் தெரிந்தது. எட்டுக் கிளைகளில் மூன்றின் முனை, தலைக்குழாயின் உள்ளே பாதி தூரம் நீட்டிக்கொண்டிருந்தது. வாய்க்காலுக்குள் கல்லைப் போட்டது போல அது நீரை மறித்திருக்கின்றது. பட்டறைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அருகில் நின்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

1. தலைக்குழாயில் போடும் துளை, கிளையின் வெளிவிட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். கிளையின் முனை உள்சுவரோடு நிற்க வேண்டும். உள்ளே நீளக் கூடாது.

2. துளையிட்டபின் உள்ளே இருக்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பற்றவைத்த உலோகம் உள்ளே சொட்டி உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. துளைகள் சம இடைவெளியிலும் ஒரே நேர்க்கோட்டிலும் இருக்க வேண்டும். 10 முதல் 12 செ.மீ. இடைவெளி போதும்.

4. தலைக்குழாயின் அடைபட்ட முனைகளைப் பற்றவைத்து மூடிவிடாமல் மரையிட்ட மூடி போடுங்கள். பிற்காலத்தில் கழுவிவிட இதுவே வழி.

5. செம்புக் குழாயையும் ஜி.ஐ. குழாயையும் நேராக இணைக்கக் கூடாது. சேருமிடத்தில் ஜி.ஐ. விரைவில் அரித்துப்போகும். நடுவில் பித்தளை இணைப்பு ஒன்றாவது வைக்க வேண்டும்.

6. தகட்டைப் பொருத்துமுன் குழாய்களில் நீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்து ஒழுகல் உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

கூரையில் ஏற்றும்போது

பலகை தெற்கு நோக்கி இருக்க வேண்டும். கோவைப் பகுதி ஏறத்தாழ 11 டிகிரி அட்சரேகையில் உள்ளது. குளிர் மாதங்களிலும் நன்கு சூடேற 20 முதல் 25 டிகிரி சாய்வு கொடுக்கலாம்.

மேல் தலைக்குழாயை மட்டமாக வைக்காதீர்கள். வெளியேறும் முனை மீட்டருக்கு ஒரு செ.மீ. அளவாவது உயர்ந்திருக்க வேண்டும். நீர் சூடேறும்போது அதிலிருந்து காற்று பிரியும். அந்தக் காற்று வெளியேற வழியின்றி ஒரு மூலையில் தங்கினால், மூன்று மில்லிமீட்டர் விசையால் அதைத் தள்ள முடியாது, சுற்று நின்றுவிடும். பலகையிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயும் எங்கும் இறங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். தலைக்குழாய் பெரிதாக இருந்து, தொட்டிக்குப் போகும் குழாய் அரை அங்குலமாக இருந்தால் பட்ட பாடு வீண். அதுவும் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நீளம் குறைவாகவும், எல்போக்கள் குறைவாகவும் இருக்கட்டும்.

தொட்டியின் அடிமட்டம் பலகையின் மேல்முனையை விட 30 செ.மீ. ஆவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் இரவில் சுற்று தலைகீழாக ஓடி, பகலில் சேர்த்த வெப்பத்தைப் பலகை வானத்துக்குக் கொடுத்துவிடும். தொட்டியின் மேல் காற்றுப்போக்கிக் குழாய் ஒன்று எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அதை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் ஆபத்து.

கையால் செய்யும் சோதனை

புதிதாகச் செய்தாலும் விலைக்கு வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். கண்ணாடியை மூடுமுன், தொட்டியில் நீரை நிரப்பிப் பலகையை வெயிலில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். காலை ஒன்பது, பத்து மணி ஏற்றது. நண்பகலில் கை சுட்டுவிடும். பிறகு ஒவ்வொரு கிளையின் மேல்முனையையும் புறங்கையால் இலேசாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். பால் வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. எட்டும் ஒரே சூடாக இருந்தால் பங்கீடு சரி. ஏதேனும் ஒன்று மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அதில் நீர் ஓடவில்லை. அதிகமாகச் சுடுவதைப் பார்த்து மகிழ வேண்டாம். நான் மகிழ்ந்து ஏமாந்தேன்.

உப்பு நீர்

சிறுவாணி நீர் கிடைப்பவருக்குக் கவலை இல்லை. நம்மில் பெரும்பாலோர்க்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அதில் சுண்ணாம்பு உப்பு மிகுதி. சூடேறும்போது அது குழாயின் உட்சுவரில் படியும். எங்கே நீர் மெதுவாக ஓடிச் சூடு மிகுகின்றதோ அங்கேதான் முதலில் படியும். படிந்தபின் அங்கே நீர் இன்னும் குறையும். கடைமடை வாய்க்கால் வண்டல் மூடுவது போலத்தான். ஆகவே பங்கீடு சரியாக இருந்தால் உப்புப் படிவதும் பரவலாகிக் குறையும்.

ஆண்டுக்கு இருமுறை மூடிகளைக் கழற்றி நீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். செம்புப் பலகையானால், எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலத்தை நீரில் கரைத்து நிரப்பிச் சில மணி நேரம் வைத்துப் பின் நன்கு அலசலாம். ஜி.ஐ. பலகைக்கு அமிலம் ஆகாது. துத்தநாகப் பூச்சைக் கரைத்துவிடும். முடிந்தவர்கள் கூரை மழைநீரைச் சேமித்து இதற்குப் பயன்படுத்தலாம்.

விலைக்கு வாங்குவோருக்கு

இக்காலத்தில் கடைகளில் கண்ணாடிக் குழல் வகை வெந்நீர்ச் சாதனங்கள் மிகுதியாக விற்கின்றன. அவற்றில் குழல்கள் நேராகத் தொட்டியில் செருகப்பட்டிருப்பதால் நான் சொன்ன தலைக்குழாய்ச் சிக்கல் பெரும்பாலும் எழாது. விலையும் குறைவு. ஆனால் கல்லோ தேங்காயோ விழுந்தால் குழல் உடையும். தென்னந்தோப்புக்குள் இருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தகட்டுப் பலகை வாங்குவதானால் தலைக்குழாய் அளவு, கிளைகளின் எண்ணிக்கை, தர முத்திரை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை

பலகை நீர் 60 டிகிரி வரை போகும். கேன் கழுவ அது போதும். கிருமிகளை முற்றும் ஒழிக்க அது போதாது. கேனை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் பால் ஏடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பலகை வெந்நீரும் சோப்புத் தூளும் இட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கடைசியாக ஒரு குடம் நீரை மட்டும் அடுப்பில் கொதிக்க வைத்து ஊற்றிக் கவிழ்த்து வையுங்கள். 60 டிகிரி நீரைக் கொதிக்க வைக்கச் சிறிது விறகே போதும். இந்தக் கடைசிக் குடத்தை நான் பெரியம்மாவுக்குச் சொல்லாமல் விட்டதும் அந்தப் பால் கெட்டதற்கு ஒரு காரணம்.

எங்கள் பலகைக்குத் தலைக்குழாய்களை ஒன்றேகால் அங்குலமாக மாற்றினோம். வெளிவழியை எதிர்மூலைக்குக் கொண்டுபோனோம். கிளை முனைகளை வெட்டிச் சரி செய்தோம். அடுத்து வந்த வெயில் நாட்களில் மாலை நான்கு மணிக்குத் தொட்டி நீர் 57, 58 டிகிரி காட்டியது. அதே தகடு, அதே கண்ணாடி, அதே வெயில். விற்ற ஆடுகள் திரும்பி வரவில்லை. அதன்பின் பால் ஒருநாளும் திரும்பி வரவில்லை. பெரியம்மா இப்போது அந்த ஒரு குடம் நீருக்கு மட்டும் அடுப்பு மூட்டுகிறார்கள்.

உழவர் பெருமக்களே! பலகை செய்ய நினைப்பவர்கள் குழாய் வாங்குமுன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். கிளை எத்தனை, அதன் உள்ளளவு என்ன, கூட்டுப் பரப்பு எவ்வளவு, அதில் பாதி எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். பிறகு கடைக்குப் போங்கள். ஐந்து நிமிட வேலை இது. நான் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. நீங்கள் செலவழித்துப் பயன் பெறுங்கள்.